லோஷினியின் பிடரிச் சிக்கும் யுகேந்திரனின் அறச்சீற்றமும்

யுகேந்திரன் பிறந்தபோது அழவில்லை, ஆட்சேபம் தெரிவித்தார் என்று அவருடைய அக்கா ருக்குமணி சொல்வதுண்டு. நம்பலாம். நாற்பது வயது தாண்டியும் அந்த ஆட்சேபத்தை அவர் வாபஸ் வாங்கவில்லை. பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட்டில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் மின்தூக்கி, கீழ்க்கடைக்காரர் தேநீரில் குறைத்துவிட்ட பால், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் இரண்டாவது பாலத்தில் மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும் கடற்காற்று, எதுவும் அவருடைய கண்டனத்திலிருந்து தப்பியதில்லை. பாலத்துக்கு அக்கரையில், பத்து காவானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அந்த வண்டி பின்னால் நகரும்போது விடாமல் ஒரு சத்தம் போடுமே, அதுவும் அவருடைய பேச்சும் ஒரே சுருதி என்பது உடன் வேலை செய்கிறவர்களின் ஒருமித்த கருத்து.

இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை எழுத ஒரு நியாயம் வேண்டும். அந்த நியாயம் அவருடைய மகளின் பிடரியில் இருந்தது.

லோஷினிக்கு ஏழு வயது. தையல் நூலைவிட மெல்லிய முடி. ஆனால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகச் சுருண்டு, பக்கத்து இழையின் தோளில் கைபோட்டு நிற்கும். பள்ளியில் பிள்ளைகள் அவளை 'மேகி' என்று அழைப்பார்கள். வேறு பிள்ளையாக இருந்தால் அழுதுகொண்டு வந்திருக்கும். லோஷினி அதை அரசாங்கம் கொடுத்த பட்டமாக எடுத்துக்கொண்டாள். பாடப்புத்தகத்தின் அட்டையில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு 'மேகி' என்று எழுதிவைத்திருந்தாள்.

ஆண்டிறுதி விடுமுறையில் அவளுக்கு டிங்கி காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பக்கம் ஊசிக்குழாய், மறுபக்கம் அம்மா ரமணியின் கை. தலை மட்டும் தலையணையில் இப்படியும் அப்படியும் புரண்டுகொண்டிருந்தது. பிள்ளை பிழைக்குமா என்று எல்லாரும் இரத்தப் பரிசோதனை முடிவையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தலைசீவ யாருக்குத் தோன்றும்? காய்ச்சல் இறங்கியது. லோஷினி வீட்டுக்கு வந்தாள். பின்னந்தலை முடி மொத்தமும் பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரைப்போல ஒரே கட்டியாக அவளோடு கூடவே வந்தது.

இன்னொன்றும் கூட வந்திருந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று, தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டு, ருக்குமணி கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். 'முருகா, பிள்ளை பிழைச்சு எழுந்தா, தைப்பூசத்துக்கு முடி இறக்குறேன்.'

இந்த இடத்தில் நம் வேண்டுதல் முறையைப் பற்றிக் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்ள அனுமதிக்க வேண்டும். பால்குடம் என்றால் தன் தலையில் தூக்குகிறோம். காவடி என்றால் தன் தோளில் சுமக்கிறோம். உபவாசம் என்றால் தன் வயிறுதான் காய்கிறது. முடி என்று வந்ததும் நம் பக்தி சட்டென்று இடம் மாறிவிடுகிறது. பக்கத்தில் யார் தூங்குகிறார்களோ, யாருக்கு 'மாட்டேன்' என்று சொல்லத் தெம்பில்லையோ, அந்தத் தலையைச் சாமிக்கு எழுதிவைத்துவிடுகிறோம். வங்கியில் இப்படி அடுத்தவர் சொத்தை அடகு வைத்தால் போலீஸ் வரும்.

ருக்குமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கத்துப் பிளாக்கில் குடியிருப்பவர். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஆகவே தம்பி குடும்பத்தை ஆளும் முழு அதிகாரமும் தமக்கே என்று நினைப்பவர். ரமணி பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்காகக் கருக்கலிலேயே பஸ் ஏறிவிடுவார். யுகேந்திரனுக்கு இரவு ஷிப்ட், விடிந்து வந்தால் தூக்கம். எனவே காலை வேளையில் லோஷினியின் தலை அத்தைக்குச் சொந்தம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை அத்தை ஆயுதங்களோடு வந்து இறங்கினார். ஒரு போத்தல் தேங்காயெண்ணெய், சாம்பிராணித் தட்டு, பேன் வாரும் அளவுக்குப் பல் நெருங்கிய சீப்பு. ருக்குமணியின் சட்டப்புத்தகத்தில் முதல் விதி, ஈரத்தலையில் சீப்பு படக்கூடாது. பட்டால் சளி பிடிக்கும், முடி கொட்டும், முகக்களை போகும். ஆகவே தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் வழிய வேண்டும், சீப்பு உச்சியில் இறங்கி ஒரே மூச்சில் நுனிக்குப் போக வேண்டும். நேர்முடிக்காரர்கள் எழுதிவைத்த சட்டம் இது. தலைமுறை தலைமுறையாகச் சுருட்டைமுடிப் பிள்ளைகள் இதற்குத் தண்டனை அனுபவித்து வருகிறார்கள். ஒருவர்கூட மேல்முறையீடு செய்ததாகத் தெரியவில்லை.

"அத்தே, வலிக்குது!"

"வலிக்காம எப்படிடி சிக்கு போகும்? பல்லைக் கடிச்சுக்க."

"வலிக்குது அத்தே! அப்பா!"

சீப்பில் இரண்டு பல் ஒடிந்து கட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன. எதிர்வீட்டு காமாரியா கையில் கரண்டியோடு கிரில் கதவுக்கு வந்தார். அவருடைய கணவர் பாசாரில், அதாவது சந்தையில், நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர்.

"அலாமாக், ருக்குக்கா! கோழி அறுக்கிற சத்தம்னு ஓடியாந்தேன். பிள்ளையா?"

"கோழி இவ்ளோ கத்தாது, காமாரியா."

"கோழிக்கு ஒரே வெட்டுலா. நீங்க காலைலேருந்து அறுக்கிறீங்க."

ருக்குமணி சீப்பைக் கீழே வைத்தார். தோற்றதாக ஒப்புக்கொள்ளும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. "சரி, கெடக்கட்டும். தைப்பூசத்துல எப்படியும் வழிக்கத்தானே போறோம்" என்றார்.

வேண்டுதல் பற்றி லோஷினி கேள்விப்பட்டது அப்போதுதான். "எதை?" என்றாள்.

"முடியைத்தான். மொட்டை. சாமிக்கு."

லோஷினி எழுந்துபோய் கதவுக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றுகொண்டாள். யுகேந்திரன் குனிந்து பார்த்தார். எண்ணெயும் கண்ணீரும் கலந்து வழிய, "மொட்டை போட்டா என்னை யாரும் மேகின்னு கூப்பிட மாட்டாங்க, அப்பா" என்றாள். "அப்புறம் நான் வெறும் லோஷினி."

பாலத்தின் காற்றையே எதிர்த்துப் பேசியவர் பிள்ளையின் முன் என்ன செய்வார்? "உன் முடிய யாரும் தொடமாட்டாங்க. அப்பா சொல்றேன்ல" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் ரமணி அதைக் கேட்டதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க சொல்லிட்டீங்க? சாமிகிட்ட சொன்னதுங்க அது. பிள்ளை பிழைச்சு வந்து முழுசா ஒரு வாரம் ஆகல."

"நம்மகிட்ட கேக்காம சொன்னது."

"சாமி அதையெல்லாம் பார்க்குமா? எனக்குப் பயமா இருக்குங்க. விளையாடாதீங்க."

  முருகன்மேல் யுகேந்திரனுக்குக் கோபம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவரும்தான் கும்பிட்டிருந்தார்; முடியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல். ஆகவே, சாமி பொறுமைசாலி, முதலில் சிக்கைப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்.

சிக்கைப் பார்க்கக் கிளம்பியவருக்குத்தான் ஜார்ஜ் டவுன் முழுவதும் ஒரு பிள்ளையின் தலைக்கு எதிராகத் திட்டம் தீட்டியிருப்பது தெரியவந்தது.

கொம்தார் கோபுரத்தின் பக்கத்தில் ஒரு சலூன். சாஹித் என்ற இளைஞர் கட்டியை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். அவருடைய தலையில் மூன்று நிறம் இருந்தது.

"கட் பண்ணிடலாம் அண்ணே. இல்லாட்டி கிழிச்சு எடுத்துட்டு ரீபாண்டிங் போடலாம். ஸ்ட்ரெயிட்டா நிக்கும்."

"ஏழு வயசுப் பிள்ளைக்கு மருந்து போட்டு முடிய நேராக்கணுமா?"

"இப்ப எல்லாரும் செய்றாங்க அண்ணே. சுருட்டைனாலே கஷ்டம்லா."

"யாருக்குக் கஷ்டம்? எம்மகளுக்கா, உனக்கா?"

சாஹித் யோசித்துவிட்டு, "எனக்குத்தான்" என்றார். அந்த நேர்மைக்காக யுகேந்திரன் அவரை மன்னித்தார். கடையை மன்னிக்கவில்லை.

அடுத்து ஒரு மருந்துக்கடை. சிக்கு எடுப்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்த தெளிப்பான் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். அந்த விலைக்கு ஒரு வாரத்துக்கு மீன் வாங்கலாம். போத்தலில் ஒரு சிறுமியின் படம். அவளுடைய முடி அருவிபோல நேராக, பளபளவென்று இறங்கியிருந்தது.

"இந்தப் பிள்ளைக்குச் சிக்கே கிடையாதே, தங்கச்சி. இதுக்கு எதுக்கு மருந்து?"

"போட்ட பிறகு எடுத்த படம், அண்ணே."

"போடறதுக்கு முந்தி எடுத்த படம் எங்க?"

போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

வீட்டுக்கு வந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருந்தது. வினிகர் என்றார் ஒருவர். மயோனைஸ் என்றார் இன்னொருவர். வெங்காயச் சாறு, முட்டை வெள்ளை, துணிக்குப் போடும் வாசனைத் திரவம். நிபோங் திபாலில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா தம் தொழிலுக்கேற்ற ஓர் எண்ணெயையும் பரிந்துரைத்தார். 'நான் தலை சீவப் போகிறேன், காயும் பழமும் போட்டு ரோஜாக் கலக்கப் போகவில்லை' என்று எழுதிவிட்டு யுகேந்திரன் குழுவை விட்டு வெளியேறினார். அரைமணி நேரத்தில் ருக்குமணி அவரை மறுபடி உள்ளே சேர்த்தார்.

மறுநாள் காலை தாமே களத்தில் இறங்கினார். மகள்மேல் உயிர்தான். ஆனால் கைக்குத் தெரிந்தது அக்காவின் சட்டம் மட்டும்தான். காய்ந்த தலை, உச்சியிலிருந்து சீப்பு. ஒரே வித்தியாசம், மெதுவாக இழுத்தார். மெதுவாக இழுத்தாலும் வழி அதே வழிதான். மேலே இருந்த சின்னச் சிக்கெல்லாம் கீழே தள்ளப்பட்டு, கீழே இருந்த பெரிய சிக்கோடு சேர்ந்து, கட்டி இன்னும் இறுகியது. லோஷினி சீப்பைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள்.

யுகேந்திரன் கதவுக்கு வெளியே நின்று, பெற்றோர் சொல் கேட்பது, தண்ணீர்க் கட்டணம், நேரத்தின் அருமை ஆகியவை குறித்து உரையாற்றினார். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம். எதையோ பிழிகிற சத்தம். பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பாட்டு.

கதவு திறந்தது. ஈரத்தலை, முகமெல்லாம் வெள்ளைக் களிம்பு. பேரங்காடியில் மலிவு விலைக்கு விற்றபோது ரமணி வாங்கிவைத்த கண்டிஷனர், குடும்பப் போத்தல், பாதி காலி. அத்தையின் எண்ணெய் நாற்றம் போகட்டும் என்று தலையில் கவிழ்த்து, பொழுது போகாமல் விரலால் நோண்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அப்பா, இங்க பாருங்க" என்றாள். கட்டியின் கீழ் ஓரத்தில் ஒற்றைச் சுருள் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒரு மேகி வெளிய வந்துருச்சு."

யுகேந்திரன் அதைத் தொட்டார். வழவழவென்று இருந்தது. இழுத்துவிட்டால் சுருண்டு மேலே போனது. அறுந்துவரவில்லை. பிள்ளை அழவுமில்லை. அவருக்கு வந்த முதல் உணர்ச்சி மகிழ்ச்சி அன்று, ஆத்திரம். இவ்வளவு காலமும் காயவைத்துக் காயவைத்து இழுத்தோமே, எந்த முட்டாள் சொல்லிக்கொடுத்தான் என்ற ஆத்திரம். சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துப் பிளாக்கில் இருந்தார்.

அன்றுமுதல் பள்ளி திறக்கும்வரை காலைப் பொழுதுகள் குளியலறையில் கழிந்தன. கவிழ்த்த வாளியின்மேல் யுகேந்திரன், அவருக்கு முன்னால் பிளாஸ்டிக் முக்காலியில் லோஷினி. முதலில் தலை முழுக்க நனைய வேண்டும். அப்புறம் கட்டி ஊறும் அளவுக்குக் கண்டிஷனர். அதில் கஞ்சத்தனம் கூடாது, மலிவான சரக்கே போதும். கட்டியில் சேராத முடியைப் பிரித்துத் துணிக் கிளிப்பால் ஒதுக்கிவிடுவார். மீதியில் ஒரு சின்னப் பிடியை எடுத்து, சிக்குக்கு மேலே, தலையை ஒட்டினாற்போல ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்வார். இழுப்பு அந்தக் கையோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. இன்னொரு கையின் விரல்கள் நுனியில் தொடங்கும். நுனி பிரிந்தால்தான் அதற்கு மேல். அது பிரிந்தால்தான் அதற்கும் மேல். விரல் தாராளமாகப் போகிற இடத்தில் மட்டும் அகலப் பல் சீப்பு. காய்கிறமாதிரி இருந்தால் மறுபடி தண்ணீர், மறுபடி கண்டிஷனர்.

"ஸ்டாப்."

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்ல. வலிக்கப் போற மாதிரி இருந்துச்சு."

அவர் நிறுத்துவார். ஃபோர்க்லிஃப்ட்டில் கண்ணாடிச் சாமான் ஏற்றும்போதுகூட அவர் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. கை வேலை செய்ய, வாய் சும்மா இருக்க முடியாதல்லவா? சீப்புப் பல்லை இப்படி நெருக்கி வைத்தவன் யார், துவட்டும் துண்டை இப்படிச் சொரசொரப்பாக நெய்தவன் யார், மனிதனுக்கு எதற்குத் தலையணை என்று வரிசையாகக் கண்டனம் நடக்கும். லோஷினி அவ்வப்போது "ஆமா லா" என்று வழிமொழிவாள். கண்டனத்துக்கு உடனடிப் பலனும் இருந்தது. துண்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அவருடைய பழைய பருத்தி டீ-சர்ட்டால் தலையை ஒற்றினார்கள், தேய்க்காமல். தலையணைமேல் ரமணியின் வழுக்கும் பழைய சால்வையை விரித்தார்கள். படுக்கப்போகும்போது தளர்வாக ஒரு பின்னல். எண்ணெய் வேண்டுமென்றால் உள்ளங்கையில் சில துளி, அதுவும் நுனிக்கு மட்டும். இவ்வளவு மெல்லிய முடிக்கு அதற்கு மேல் ஊற்றினால் ஊறுகாய்தான்.

கொஞ்சம் முடி போகத்தான் செய்தது. ஏற்கெனவே உதிர்ந்து கட்டிக்குள் சிக்கிக்கிடந்ததும், அக்காவின் சீப்பு அறுத்துவைத்ததும். அதைப் பார்த்து லோஷினி பயந்தாள். மீதியெல்லாம் தலையோடுதான் இருக்கிறது என்று கண்ணாடியில் காட்டிய பிறகுதான் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தாள். ஒருநாள் காலை கட்டியின் நடுவிலிருந்து சீப்பின் இரண்டு பல்லும் வந்து விழுந்தன. காமாரியா அன்றைக்கு எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லையே, பிள்ளைய யாருக்காச்சும் குடுத்துட்டியா தம்பி?" என்றார். கடைசிச் சிக்கு பிரிந்த அன்று சாயங்காலம் ரமணி வேலையிலிருந்து வந்து, மகளின் பிடரிக்குள் விரல்விட்டு நுனிவரை கொண்டுபோனார். மறுபடி கொண்டுபோனார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"சாமிக்கு என்ன சொல்லப்போறீங்க?"

அந்தக் கேள்விக்கு நாள் நெருங்கிவிட்டது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை ருக்குமணி வெள்ளித் தேருக்குத் தேங்காய் உடைக்கப் போகும் வழியில், மஞ்சள் துணியும் சந்தனமுமாக வீட்டுக்கு வந்தார். கூடத்தில் லோஷினி குதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குதிப்புக்கும் சுருள்கள் ஒருமுறை கூடுதலாகக் குதித்தன.

"என்னடா இது?" என்றார் ருக்குமணி.

"முடி, அக்கா."

"ஈரத்துல சீவுனியா?"

"ஈரத்துலதான் சீவுனேன். சளி புடிக்கல. முகக்களையும் எங்கயும் போகல."

"சிக்கு போயிட்டா வேண்டுதலும் போயிடுமா? நாளைக்குக் காலையில பிள்ளைய கூட்டிட்டு வா. அவ்ளோதான்."

"வரமாட்டா. வேண்டிக்கிட்டது நீ. முடி அவளுது. நடுவுல நான் ஒருத்தன் அப்பன்னு நிக்கிறேன். என்கிட்டயும் கேக்கல, அவகிட்டயும் கேக்கல. வேணும்னா நான் மொட்டை போட்டுக்கிறேன்."

"உன் தலைய யாருடா கேட்டா? கண்ட கண்ட முடியெல்லாம் சாமிக்கா?"

ரமணி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். லோஷினி அத்தையின் முன்னால் வந்து நின்றாள். "அத்தே, நான் சாமிகிட்ட ஒண்ணுமே சொல்லல. நான் தூங்கிட்டு இருந்தேன்."

 "நீ தூங்கல" என்றார் ருக்குமணி, வேறு குரலில். "கண்ணு பாதி தொறந்தே கெடந்துச்சு. கூப்பிட்டேன். நீ பேசவே இல்ல. என்கிட்ட வேற என்ன இருக்கு குடுக்க? வாய்ல வந்ததைச் சொன்னேன்." மஞ்சள் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பைச் சரியாகப் போடாமலே படியிறங்கிப் போனார். 

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் யுகேந்திரன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, முடி இறக்கும் பந்தலை நோக்கி நடந்தார். அக்கா வேண்டாமென்றாலும் தம் தலையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவது என்று தீர்மானம். பின்னால் ரமணி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தளர்ந்த பின்னலோடு லோஷினி. பந்தலுக்குள் நுழைந்ததும் யுகேந்திரன் நின்றுவிட்டார். வரிசையின் முதல் முக்காலியில் ருக்குமணி உட்கார்ந்திருந்தார். கொண்டை அவிழ்ந்து இடுப்புவரை கிடந்தது. நாவிதர் ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா! எந்திரி. நான் போட்டுக்கிறேன்னு சொன்னேன்ல?"

"நீயாடா வேண்டிக்கிட்ட?"

"இல்ல, ஆனா..."

"அப்ப ஒதுங்கு. வெளிச்சத்தை மறைக்கிற." பிறகு நாவிதரிடம் திரும்பினார். "நீ என்னப்பா, மேலேருந்து இழுக்கிற? வலிக்குது! மெல்ல பண்ணத் தெரியாதா?"

"முடியத்தானேம்மா முடிச்சுப் போடுறேன். எப்படியும் போகப் போறது."

"போறவரைக்கும் என் தலைதானே?"

யுகேந்திரன் அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தார். சொல்வதற்கு அவரிடம் நிறையவே இருந்தது. ரமணி அவருடைய முழங்கையைக் கிள்ளினார். கத்தி உச்சியில் ஏறி இறங்கியது. நீண்ட முடி கற்றை கற்றையாக மடியில் விழுந்தது. ருக்குமணி கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, தமக்கும் முருகனுக்கும் நடுவில் இருந்ததைப் பேசி முடித்தார். ரமணியின் கண்கள் நிறைந்தன. அத்தனை நாளும் நெஞ்சில் வைத்திருந்த பயத்தை அவர் அந்த மண்ணில் இறக்கிவைத்ததுபோல் இருந்தது.

குளித்துவிட்டு வந்த ருக்குமணி குனிந்து தலையைக் காட்டினார். லோஷினி கிண்ணத்திலிருந்து இரண்டு கை நிறையச் சந்தனம் அள்ளி, அத்தையின் மொட்டையில் அப்பித் தேய்த்தாள்.

"மெல்லடி! வலிக்குது."

"சும்மா சொல்லாதீங்க அத்தே. அதான் முடியே இல்லையே."

"இருந்தப்ப நான் இழுத்ததுக்கெல்லாம் இப்பத் தேய்க்கிறியா?"

"ஆமா" என்றாள் லோஷினி, தேய்ப்பதை நிறுத்தாமல்.